மருதையாற்றுப் பாலமும் ஒரு பொறியியல் படிப்பும்

சென்ற திங்கள் ஜெயங்கொண்டம் பக்கத்துச் சங்கம் ஒன்றில் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். பேரேடுகளை மூடிய பின்னும் நெசவாள அங்கத்தினர் ஒருவர் தயங்கி நின்றார். "எம் மகள் சிவில் என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்கிறாள், ஐயா. வீடு கட்டக் கொத்தனார் இருக்கிறாரே. அதற்கு நான்கு ஆண்டுப் படிப்பா?" என வினவினார். அவருக்குக் கூறியதை ஏனைய அங்கத்தினர்களும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதுகிறோம்.

1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததை நம் பெரியோர் இன்றும் சொல்வர். வெள்ளம் பாலத்தருகே அரித்திருந்ததைச் சொல்வோர் குறைவு. ரயிலின் எடையை இரும்பும் கல்லும் மட்டும் தாங்குவதில்லை, அவற்றின் அடியிலுள்ள மண்ணே இறுதியில் தாங்குகிறது. பெருவெள்ளம் தூணைச் சுற்றிச் சுழித்து அம்மண்ணைத் தோண்டிவிடும். ஆற்றில் எத்துணை வெள்ளம் வரக்கூடும், அடித்தளம் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், கரைக்கு எங்ஙனம் கல் பாவ வேண்டும் என்னும் கணக்குகளைக் கற்பிப்பதே இப்படிப்பு. கொத்தனாரின் கைத்திறனுக்கு இதனால் குறைவொன்றுமில்லை.

இப்படிப்பின் மற்றொரு கிளை சுற்றுச்சூழல் பொறியியல். குடிநீர், கழிவுநீர், ஆலைக்கழிவு ஆகியவற்றை அது ஆராய்கிறது. நூல் நெய்வோருக்கு அதன் அருமை விளங்கும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயநீரின் நிறத்தை நீக்குவது ஒருவாறு எளிது. அதில் கரைந்த உப்போ தொட்டியில் தேக்கி வைத்தால் படியாது. நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்திப் பிரித்தல் வேண்டும். செலவு மிகுந்த வேலைதான். முன்கூட்டியே எண்ணியிருந்தால் பட்டறைகளும் கிணறுகளும் பிழைத்திருக்கும் என்பது நம் கருத்து.

"பெண்பிள்ளை வெயிலில் நிற்பதா?" என்பது அன்பரின் அடுத்த ஐயம். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சிவில் பயின்ற பி. கே. திரேசியா அம்மையார் 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார் என்றோம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அக்கல்லூரி, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்று அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்திற்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு 50 வீதம், ஆக 200-க்குத் தரவரிசை வகுக்கின்றனர். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் உண்டு. அவ்விடம் பெற்றோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்று, பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தனியாரிடம் இத்துறையின் தொடக்க ஊதியம் பல வேளை சிறிது. கடன் வாங்கிப் பெருங்கட்டணம் செலுத்தித் தரமற்ற கல்லூரியில் சேர்ப்பதை நாம் ஆதரியோம். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். மகள் ஆறாம் வகுப்பு முதலே உள்ளூர் அரசுப் பள்ளியில் பயின்றவள் என்று அப்போதுதான் சொன்னார். அதற்கான சான்றிதழை மறுநாளே தலைமையாசிரியரிடம் வாங்குமாறு கூறிவிட்டுப் பேருந்து ஏறினோம்.