அழுத்தும் கைக்கு ஓர் அளவுகோல்

இதயம் நின்றுவிட்டால் செய்ய வேண்டிய மார்பு அழுத்தத்தை நோயாளிகளின் உறவினர்களுக்குக் கற்பிக்கும்போதெல்லாம், "விலா எலும்பு உடைந்துவிடாதா, டாக்டர்?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. உடையலாம். உடைந்த எலும்பு கூடிவிடும். நின்ற இதயத்திற்கு அந்த அவகாசம் இல்லை என்று நாங்கள் விளக்குகிறோம். ஆயினும் அச்சம் கைகளில் தங்கிவிடுகிறது. அழுத்தியவர் வியர்த்து நிற்பார். பயிற்சிப் பொம்மையின் மார்போ பாதியளவுகூட அமிழ்ந்திராது.

பெரியவர்களுக்கு வேண்டிய ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழ வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் இரத்தம் நிரம்பும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960இல் இம்முறையை வெளியிட்டனர். அதன்பின் நெடுங்காலம் ஆழத்தைக் கணிக்க, அழுத்துபவரின் உணர்வைத் தவிர வேறு அளவுகோல் இருக்கவில்லை. அவ்வுணர்வு ஏமாற்றக்கூடியது. ஓரிரு நிமிடங்களில் கை தளர்கிறது. தளர்ந்தது அவருக்கே தெரிவதில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர்.

இக்குறையைப் போக்கவே அணியும் உணரிகள் வந்துள்ளன. கையுறையிலோ மணிக்கட்டிலோ பொருத்தப்படும் முடுக்கமானி என்னும் சிறு சில்லு, கையின் வேகம் மாறுவதை அளந்து, அதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. அளவு குறைந்தால் ஒலியாலோ அதிர்வாலோ உணர்த்துகிறது. ஸ்மார்ட் வாட்ச்சிலும் இதே சில்லு இருப்பதால், அதனையும் ஆய்வாளர்கள் பொம்மைகளில் சோதித்துள்ளனர். இத்தகைய கருவி உடனிருந்தால் அழுத்தத்தின் தரம் உயர்கிறது என்பது தெளிவு. உயிர் பிழைப்போரின் எண்ணிக்கையும் உயர்கிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒருமித்துப் பேசவில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. நோயாளி மெத்தையில் கிடந்தால், மார்போடு மெத்தையும் அமிழ்கிறது. உணரி இரண்டையும் கூட்டி "ஆழம் போதும்" என்று சொல்லிவிடும்! கருவி இருப்பினும் இல்லாவிடினும் நோயாளியைக் கெட்டியான தரையில் கிடத்துமாறு நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால், கருவியைத் தேட வேண்டா. 108ஐ அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கித் தரையில் வையுங்கள். மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, அதன்மேல் மறு கையை வைத்து அழுத்தத் தொடங்குங்கள். உடன் ஒருவர் இருந்தால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்ளுங்கள். களைப்பு தெரியும்வரை காத்திருக்க வேண்டா.