குதிரைச் சேணப் பொருத்தம்

குதிரைச் சேணப் பொருத்தம் என்பது குதிரையின் முதுகில் வைக்கப்படும் சேணம் அதன் உடலமைப்புக்கு ஏற்ற வடிவத்திலும் அளவிலும் அமைந்திருப்பதைக் குறிக்கும். சேணத்திற்குக் கலணை, பல்லணம் என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. பொருந்தாத சேணம் குதிரைக்கு வலியையும், தோலில் புண்ணையும், முதுகுத் தசைகளில் தேய்வையும் உண்டாக்கும். புண் வெளியே தெரிவதற்கு முன்னரே வலி தொடங்கிவிடும். அவ்வலியைக் குதிரை தன் நடத்தையாலும் நடையாலும் காட்டுகிறது. இது பல வேளைகளில் முரட்டுத்தனம் என்று தவறாகக் கருதப்பட்டு, குதிரை அடிக்கு உள்ளாகிறது. ஆகவே தொடக்க அறிகுறிகளை அறிந்திருப்பது குதிரை பேணலில் இன்றியமையாததாகும்.

முதுகின் அமைப்பும் சேணமும்

குதிரைக்குப் பொதுவாக 18 இணை விலா எலும்புகள் உள்ளன. சவாரி செய்பவரின் எடை, முதுகெலும்பின் இருபுறமும் விலா எலும்புகளின் மேல் அமைந்துள்ள தசைகளின் மீதே விழவேண்டும். முதுகெலும்பின் மீது நேரடியாக எடை விழுதல் கூடாது. கடைசி விலாவுக்குப் பின்னுள்ள இடுப்புப் பகுதியில் விலா எலும்புகளின் தாங்கல் இல்லாததால், சேணம் அவ்வெல்லையைத் தாண்டுதலும் கூடாது.

கழுத்து முதுகோடு சேருமிடத்தில், தோள்களுக்கு இடையே ஒரு மேடு உண்டு. இது இங்கு பிடரிமேடு எனப்படுகிறது. இங்கு எலும்புக்கு மேல் தசை மிகக் குறைவு. எனவே சேணத்தின் முன்வளைவு இதன்மீது அமர்ந்தால் விரைவில் புண் உண்டாகும். முன்னங்கால் முன்னோக்கி நீளும்போது தோள் எலும்பின் மேல்முனை பின்னோக்கி நகரும். சேணம் அதன்மீது வைக்கப்பட்டிருந்தால் ஒவ்வோர் அடியிலும் எலும்பு சேணத்தில் இடிக்கும்.

சேணத்தின் உள்ளே மரம், உலோகம் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சட்டம் இருக்கும். அடியில் இருபுறமும் கம்பளி போன்றவற்றால் அடைக்கப்பட்ட திண்டுகளும், அவற்றின் நடுவே முதுகெலும்புக்கு இடம்விடும் பள்ளமும் உண்டு. சட்டத்தின் அகலமே பொருத்தத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

சென்னையும் சுற்றுப்புறமும்

சென்னையில் காவல்துறையின் குதிரைப்படை, பரங்கிமலை இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம், சவாரிப் பயிற்சிப் பள்ளிகள், மெரீனா கடற்கரைச் சவாரி, திருமண ஊர்வலங்கள் எனப் பல வகைகளில் குதிரைகள் பயன்பட்டு வந்துள்ளன. பந்தயத்திற்கு வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளுக்குப் பிடரிமேடு உயர்ந்தும் குறுகியும் இருக்கும். மட்டக்குதிரைகளுக்கு முதுகு பெரும்பாலும் அகன்று உருண்டிருக்கும். ஒன்றுக்குச் செய்த சேணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரே சேணத்தைப் பல குதிரைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே பொருத்தக் குறைவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும். வயது, தீவனம், வேலை ஆகியவற்றால் ஒரே குதிரையின் முதுகும் காலப்போக்கில் மாறும்.

தட்பவெப்பமும் கவனிக்கத்தக்கது. கடலிலிருந்து தள்ளியுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளுக்குக் கோடையில் கடற்காற்று பிந்தியே வந்து சேரும். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் குதிரை மிகுதியாக வியர்க்கும். வியர்வையில் நனைந்த தோல் உராய்வைத் தாங்காது. நனைந்து காயாத சேணத்துணி புண்ணை விரைவுபடுத்தும்.

அறிகுறிகள்

உடலில் தெரிபவை:

* சேணத்தின் அடியில் முடி உதிர்தல், முடி உடைந்து திசைமாறிக் கிடத்தல்.
* சேணம் படும் இடத்தில் வெண்மயிர் முளைத்தல். நீடித்த அழுத்தத்தால் நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதே இதற்குக் காரணம். இது பெரும்பாலும் நிலையாக இருந்துவிடும். எனவே இது முன்னர்ப் பயன்படுத்திய சேணத்தின் தடமாகவும் இருக்கலாம். வெள்ளைக் குதிரைகளில் இவ்வறிகுறி தெரியாது.
* சேணத்தைக் கழற்றியபின் வீக்கம், கொப்புளம், சூடு அல்லது கட்டி.
* பிடரிமேட்டின் இருபுறமும் தசை வற்றிக் குழிவிழுதல்.
* சுற்றிலும் வியர்வை நனைந்திருக்க, திண்டு படும் இடத்தில் மட்டும் ஒரு பகுதி உலர்ந்திருத்தல். அளவுகடந்த அழுத்தம் அங்கு வியர்வையைத் தடுத்திருக்கக்கூடும். நடுப்பள்ளத்தின் அடியில் உலர்ந்திருப்பது இயல்பானதே.

நடத்தையில் தெரிபவை:

* சேணத்தைக் கண்டதும் விலகுதல், காதுகளைப் பின்னுக்கு மடக்குதல்.
* வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புதல், காலை உதறுதல்.
* ஏறும்போது நிலையாக நில்லாமை, முதுகைத் தாழ்த்துதல்.
* அடி குறுகுதல், திரும்ப மறுத்தல், வாலை ஓயாது வீசுதல், துள்ளி உதைத்தல்.

பிரித்தானியக் கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடன் பணியாற்றியோரும் சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கி 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை காணப்பட்டால் எலும்பு அல்லது தசை வலி இருக்க வாய்ப்புண்டு என்பது அவர்களின் முடிவு.

சோதிக்கும் முறை

1. குதிரையைச் சமதளத்தில் நான்கு கால்களும் நேராக இருக்குமாறு நிறுத்தவேண்டும். சேணத்துணியின்றிச் சேணத்தைச் சற்று முன்னே வைத்து, முடியின் போக்கில் பின்னோக்கி நகர்த்தினால் அது தோள் எலும்புக்குப் பின் தானாகவே நிற்கும்.
2. முன்வளைவுக்கும் பிடரிமேட்டுக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல் இடைவெளி வேண்டும். சவாரி செய்பவர் அமர்ந்தபின் இவ்விடைவெளி குறையும். ஆகவே அப்போது மீண்டும் பார்க்கவேண்டும்.
3. பின்புறமிருந்து பார்க்கும்போது நடுப்பள்ளத்தின் வழியே வெளிச்சம் தெரியவேண்டும். பள்ளம் முதுகெலும்பை எங்கும் தொடக்கூடாது.
4. திண்டின் அடியில் உள்ளங்கையை முன்னிருந்து பின்வரை செலுத்தினால் அழுத்தம் சீராக இருக்கவேண்டும். முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் இடைவெளி இருந்தால், எடை முழுவதும் நான்கு புள்ளிகளில் விழும்.
5. சேணத்தின் ஆழமான இருக்கைப் பகுதி நடுவில் இருக்கவேண்டும். முன்னோ பின்னோ சாய்ந்திருந்தால் சட்டம் மிக அகலம் அல்லது மிகக் குறுகல் எனக் கொள்ளலாம்.
6. சவாரிக்கு முன்னும் பின்னும் முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். சவாரிக்குப் பின் மட்டும் குதிரை முதுகைச் சுருக்கினால் சேணத்தை ஐயுறவேண்டும்.

பிற காரணங்கள்

மேற்கூறிய அறிகுறிகள் யாவும் சேணத்தால் மட்டும் வருபவை அல்ல. பல் வலி, இரைப்பைப் புண், கால் நொண்டல் ஆகியவையும் இத்தகைய நடத்தைகளை உண்டாக்கும். சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிவது பின்னங்கால் நொண்டலாலும் நிகழலாம் என்று 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் சில குதிரைகள் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுவதுண்டு. அப்போது உடல் முழுவதும் உலர்ந்திருக்கும். இதைச் சேணத்தால் வரும் உலர்ந்த திட்டுடன் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஐயம் ஏற்படின் கால்நடை மருத்துவரை அணுகுதல் நலம்.

திருத்தம்

புண் உள்ள குதிரைக்கு முழுமையாக ஆறும்வரை சேணம் வைக்கக்கூடாது. பொருந்தாத சேணத்தின் அடியில் துணிகளை அடுக்குவது பரவலான வழக்கமாகும். சேணம் குறுகலாக இருந்தால் இது மேலும் தீங்கு செய்யும். இறுக்கமான செருப்புக்குள் இரண்டு காலுறை அணிவதற்கு இது ஒப்பாகும். திண்டுகளைப் பிரித்து மீண்டும் அடைப்பதும், தேவையெனில் சட்டத்தின் அளவு வேறான சேணத்தைத் தேர்வதுமே உரிய வழியாகும்.

வரலாறும் சட்டமும்

குதிரைப்படைகளில் முதுகுப்புண் பெருஞ்சிக்கலாக இருந்தது. புண்பட்ட குதிரையின் வீரன் நடந்தே செல்ல நேரும். பிரித்தானிய இராணுவக் கால்நடை மருத்துவர் பிரெடெரிக் சிமித் 1891 ஆம் ஆண்டில் சேணங்களையும் முதுகுப்புண்களையும் பற்றித் தனியே ஒரு கையேடு வெளியிட்டார்.

இந்தியாவில் விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டம் 1960 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. புண் முதலியவற்றால் தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவது இதன்படி குற்றமாகும். இச்சட்டத்தின் கீழ் 1965 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகள் சேணப் பொருத்தத்தையும் குறிப்பிடுகின்றன. சேணத்தின் வளைவுக்கும் பிடரிமேட்டுக்கும் இடையே போதிய இடைவெளி இன்றிக் குதிரைக்குச் சேணம் பூட்டக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதற்குற்றத்திற்கு வகுக்கப்பட்ட தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. எனவே குதிரையின் பாதுகாப்பு, தண்டத்தைவிட, சேணம் பூட்டுபவர் நாள்தோறும் விரல்களால் அளந்து பார்க்கும் அந்த இடைவெளியையே பெரிதும் சார்ந்துள்ளது.