கவனிப்பும் கண்டிப்பும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் கதை

'அனிமட்வர்ட்' என்றோர் ஆங்கில வினைச்சொல் உண்டு. குறைகூறு, கண்டித்துரை என்பது பொருள். இன்று பேச்சில் இதைக் கேட்பது அரிது. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால், சிவப்பு மைப் பேனாவும் கையுமாக இருக்கும் நமக்கு இதன் வரலாறு பயன்படும்.

இலத்தீனில் 'அனிமுஸ்' என்றால் மனம். 'அட்' என்றால் நோக்கி. 'வெர்தெரே' என்றால் திருப்புதல். மூன்றும் சேர்ந்தால் மனத்தை ஒன்றை நோக்கித் திருப்புதல், அதாவது கவனித்தல். குற்றத்தைக் கவனித்தவர் கண்டிப்பார். அதிகாரம் இருந்தால் தண்டிப்பார். இலத்தீனிலேயே இந்தப் பொருள்களும் ஏறிவிட்டன. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியிலும் கண்டித்தல், தண்டித்தல் இரண்டும் உள்ளன. (விளம்பரத்தைக் குறிக்கும் 'அட்வர்டைஸ்மென்ட்' பிரெஞ்சு வழியாக வந்த உறவுக்காரச் சொல். அதுவும் நம் மனத்தைத் தன் பக்கம் திருப்பத்தானே பார்க்கிறது!)

கவனிப்பு எப்படிக் கண்டிப்பாகும் என்று எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நம் 'கவனி'யைச் சொன்னேன். 'தம்பியைக் கவனி' என்றால் அன்பு. 'வீட்டுக்கு வா, உன்னைக் கவனிச்சுக்கிறேன்' என்றால் அடி. வகுப்பே சிரித்தது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கவிஞர் மில்டன் 1641இல் பேராயர் ஜோசப் ஹாலின் வாதங்களை எதிர்த்து எழுதிய சிறுநூலின் தலைப்பு இச்சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்திலேயே தொடங்குகிறது. எதிராளியின் வாசகத்தை எடுத்தெழுதி, அதன் கீழேயே மறுப்பை எழுதிக்கொண்டு போகிறார். பார்ப்பதற்கு நாம் கட்டுரை ஏடு திருத்துவது போலத்தான் இருக்கிறது. ஆனால் மில்டனுக்கு எதிராளியை வீழ்த்த வேண்டியிருந்தது. நமக்கு எதிரே இருப்பது பிள்ளை.

எனவே, கட்டுரை ஏடுகளை முதல்முறை படிக்கும்போது நான் பேனாவைத் திறப்பதில்லை. அண்மையில் ஒரு மாணவனின் பக்கத்தில் ஐந்து வினைச்சொற்கள் பிழை. 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'கோ'வுடன் 'இ.டி.' சேர்த்திருந்தான், மற்ற நான்கும் அப்படியே. விதிப்படி 'இ.டி.' ஏற்கும் சொற்களிலோ ஒரு பிழைகூட இல்லை. இறந்தகால விதியை அவன் நன்றாகவே பிடித்திருக்கிறான். விதிவிலக்குகள்தாம் இன்னும் கைவரவில்லை. ஐந்து சுழிகளுக்குப் பதிலாக, அந்த ஐந்து சொற்களின் சரியான வடிவங்களைப் பக்கத்தின் அடியில் எழுதிக் கொடுத்தேன்.