நினைவகச் சில்லை மீட்டல்

கணிப்பொறி இயங்கத் தொடங்குங்கால் செய்ய வேண்டுவன யாவை என்னும் முதற்கட்டளைகள், அதன் தாய்ப்பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லில் எழுதப்பட்டுள்ளன. 1999 ஏப்ரல் 26ஆம் நாள், 'சி.ஐ.எச்.' என்னும் நச்சுநிரல் பல பொறிகளில் அக்கட்டளைகளைச் சிதைத்தது, அப்பொறிகள் செயலற்றன. செயலற்ற பொறி தன்னைத்தானே திருத்திக்கொள்ள இயலுமோ? இயலாது. இன்று அத்தகைய பொறியை மீட்க, வேறொரு கணிப்பொறியின் யூ.எஸ்.பி. வாயிலில் இணைக்கும் புரோகிராமர் என்னும் கருவி உதவுகிறது.

மின்னிணைப்பை நீக்கியபின், கருவியின் கவ்வியைச் சில்லின் கால்களில் பொருத்துவர். சில்லுக்குரிய மின்னழுத்தம் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என முன்னரே அறிதல் வேண்டும். மிகுந்தால் சில்லு கெடும். அடுத்து, சில்லில் உள்ளதை இருமுறை படித்து ஒப்பிடுவர். இரண்டும் ஒத்திருந்தால் அந்தப் படியைப் பேணிவைப்பர்; அப்பொறிக்கே உரிய எண்கள் அதில் இருத்தல் கூடும். பின்னரே பழையதை அழித்துப் புதியதை எழுதிச் சரிபார்ப்பர்.

அழித்தல் எளிது; மீட்டல் அரிது. ஆதலின், படியெடாது அழித்தல் அறிவுடைமை ஆகாது.