ஹௌராவுக்கும் ஸியால்டாவுக்கும் நடுவே

சென்னையிலிருந்து மெயில் வண்டியில் கல்கத்தா போகிறவர்கள் ஹௌரா ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அங்கிருந்து டார்ஜீலிங் மெயிலைப் பிடிக்க வேண்டுமானால் ஸியால்டா ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஹூக்ளி நதியும், ஹௌரா பாலமும், அப்புறம் கல்கத்தாவின் நெரிசல் முழுவதும் குறுக்கிடுகின்றன. மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் அதைக் கடந்தவர்களுக்குத் தூரம் எத்தனை மைல் என்பது நினைவிராது. எத்தனை மணி நேரம் பிடித்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கும்.

இப்போது அந்தப் பிரயாணத்துக்குச் சுமார் 12 நிமிஷம் போதும். வண்டி பூமிக்கடியில், நதிக்கும் அடியில் போகிறது. வழியில் இருக்கும் முக்கியமான சந்திப்பு எஸ்பிளனேட். இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24-ந் தேதி ஓடியது எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையேதான். அன்று பாதையின் நீளம் 3.4 கிலோமீட்டர். பவானிபூர் ஸ்டேஷனுக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். இந்தப் பழைய பாதையில் வடக்கே போனால் தக்ஷிணேசுவரம். தெற்கே போனால் காளிகாட். யாத்திரை போகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நதிக்கடியில் ரயில் விடும் யோசனை புதிதன்று. ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற ஆங்கில எஞ்சினியர் 1921-லேயே அதற்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். பணமில்லை என்று அது கைவிடப்பட்டது. பிறகு 2017-ல்தான் யந்திரங்கள் நதியின் கீழ் சுரங்கம் குடைந்தன. 2024 மார்ச்சில் வண்டி ஓடிற்று. ஆற்றுக்கடியில் உள்ள 520 மீட்டரை வண்டி முக்கால் நிமிஷத்தில் கடந்து விடுகிறது. அந்த இடம் வரும்போது சுரங்கத்தில் நீல விளக்குகள் எரிகின்றன. இல்லாவிட்டால் தலைக்கு மேல் ஹூக்ளி ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

எஸ்பிளனேடில் புதுப் பாதைக்கும் பழைய பாதைக்கும் இடையே பிரயாணிகள் மாறி ஏற வேண்டும். வண்டிகள் மாறிப் போக முடியாது. பழைய தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர். புதியவற்றின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். ஆகவே மனிதர்கள்தாம் நடக்க வேண்டும்.

முதலில் இரண்டு பாதைகளும் ஸென்ட்ரல் என்ற வேறொரு ஸ்டேஷனில் சந்திப்பதாக இருந்தது. பின்னர் வழியை மாற்றி எஸ்பிளனேடுக்குக் கொண்டு வந்தார்கள். அங்கிருந்து ஸியால்டாவுக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர். நதியைக் கடந்தவர்களுக்கு இந்தச் சிறு தூரம்தான் பெரும் சோதனையாக முடிந்தது.

பௌபஜார் பழைய வீடுகள் நெருங்கி நிற்கும் இடம். பொற்கொல்லர்களின் பட்டறைகள் நிறைந்த சந்துகள். அதன் கீழே குடைந்துகொண்டு போன யந்திரத்துக்குச் சண்டி என்று தேவியின் பெயர் வைத்திருந்தார்கள். நம் பாஷையில் அந்தச் சொல்லுக்கு உள்ள இன்னொரு அர்த்தம் பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை! 2019 ஆகஸ்டு 31-ந் தேதி அது நிலத்தடி ஊற்று ஒன்றைத் துளைத்து விட்டது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. மேலே பூமி இறங்கிற்று. துர்கா பிதுரி சந்திலும் ஸ்யாக்ரா பாரா சந்திலும் சுவர்கள் பிளந்தன. சில வீடுகள் இடிந்தே விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேற நேர்ந்தது. சண்டி நின்ற இடத்திலேயே நின்று விட்டது. அதற்குத் துணையாக வந்த ஊர்வி என்ற யந்திரம் தன் சுரங்கத்தை முடித்துத் திரும்பி வந்து, சண்டி விட்ட வேலையையும் செய்து முடித்தது. ஆனாலும் 2022-ல் மே மாதமும் அக்டோபரிலும் தண்ணீர் மறுபடி கசிந்து, மறுபடி வீடுகளில் விரிசல் கண்டது.

இதனால் 2024-ல் நதியைத் தாண்டி வந்த வண்டி எஸ்பிளனேடோடு நின்றது. ஸியால்டாவில் புறப்படும் வண்டி கிழக்கே மட்டும் ஓடிற்று. நடுவில் பஸ்ஸும் நடையுந்தான். 2025 ஆகஸ்டு 22-ந் தேதி அந்த இடைவெளியும் மூடியது. அன்று பௌபஜாருக்கு அடியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. மேலே, இடிந்த வீடுகளுக்குப் பதில் புது வீடுகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. வீடிழந்த குடும்பங்கள் வாடகை இடங்களிலேயே இருந்தன.