ஆளில்லா ஊர்திக்கு ஓர் ஏவல் மொழி



தனித்தமிழுக்காகப் பாடுபட்ட மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகர், வாகனத் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்றது. அங்கிருந்து வடக்கே ரயிலேறினால், தாம்பரத்தை அடுத்துக் குரோம்பேட்டை. மர்ஹூம் அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் பயின்ற எம்.ஐ.டி. அங்கேதான் உள்ளது. பின்னாளில் அவர் தலைமையேற்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆவடி ஆய்வகம், 2017-இல் 'முந்த்ரா' என்னும் ஆளில்லாக் கவச ஊர்தியை வெளிக்கொணர்ந்தது.

முந்த்ராவைத் தொலைவிலிருந்து ஒருவர் இயக்க வேண்டும். ஒரே தளபதி பத்து ஊர்திகளுக்கு ஆணை மட்டும் இட, அவை தாமே நிறைவேற்ற வேண்டுமெனில், எம்மொழியில் ஆணையிடுவது?

மனிதர்க்கு இட்ட ஆணையே பிசகியதுண்டு. 1854 அக்டோபர் 25, கிரிமியாவின் பாலக்லாவா. எதிரி பீரங்கிகளைக் கொண்டு செல்லாதவாறு தடுக்கும்படி குன்றின் மீதிருந்த ரக்லன் பிரபு எழுதியனுப்பினார். எந்தப் பீரங்கிகள் என்று எழுதவில்லை! பள்ளத்தாக்கில் நின்றோருக்கு அவை புலப்படவில்லை. 600-க்கு மேற்பட்ட குதிரை வீரர்கள் வேறு பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தனர். 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய ஐயத்தை நீக்கவே அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 'போர் மேலாண்மை மொழி'க்கு இலக்கணம் வகுத்தனர். நேசநாட்டுப் படைகளுக்கான அதன் வடிவம் 2014-இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. முதலில் வினை, பின்னர் ஏவுவோர், ஏவப்படுவோர், இடம், காலம், நோக்கம். ஒவ்வொரு சொல்லின் பொருளும் முன்னரே வரையறுக்கப்பட்டது. ஒரு தொழிலுக்கு வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, பயன் எனத் தொல்காப்பியர் எண்ணிக் காட்டியதற்கு இது வெகு அருகில் வருகிறது!

நோக்கம் எதற்கு என்பீர்கள். பின்வரும் படை ஆற்றைக் கடக்கவே பாலத்தைப் பிடிக்கச் சொன்னார்கள் என்றறிந்த சிப்பாய், பாலம் உடைந்திருந்தால் ஆழமற்ற துறையைத் தேடுவான். இயந்திரத்துக்கு அவ்வூகம் எளிதில் வாய்ப்பதில்லை.

கலீஃபா அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள், சிரியா சென்ற தளபதி யஸீத் இப்னு அபீசுஃப்யான் (ரலி) அவர்களுக்கு (பின்னாளில் வந்த யஸீத் அல்லர்) இட்ட பத்துக் கட்டளைகள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளன. பெண்களையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லலாகாது. கனிமரங்களை வெட்டலாகாது என்பன அவற்றுட் சில. தோப்பை வரைபடத்தில் குறித்து, 'உள்ளே நுழையாதே' என்று இயந்திரத்துக்கு எழுதிவிடலாம். ஆனால் தோப்போரம் நிற்பவர் கையிலிருப்பது ஊன்றுகோலா, துப்பாக்கியா? 'முதியவர்' என்ற சொல்லை இலக்கணத்தில் சேர்ப்பது எளிது. அவரை அடையாளம் காண்பதன்றோ கடினம்!

தாமே இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்களின் மீது மனிதக் கட்டுப்பாடு எவ்வளவு இருக்க வேண்டும் என்று, 2014-இல் நாடுகள் ஜெனீவாவில் பேசத் தொடங்கின. பத்தாண்டு கடந்த பின்னும் அப்பேச்சு ஓர் ஒப்பந்தமாக முடியவில்லை.