ஒற்றைக் காலில் நின்றால் ஏன் ஆடுகிறது?

மரம்போல ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தைச் செய்யும்போது எல்லாரும் தலைக்குமேல் கூப்பிய கையைத்தான் கவனிப்பார்கள். நீங்கள் பக்கத்தில் நிற்பவரின் கணுக்காலைப் பாருங்கள். வேடிக்கையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. தோலுக்கு அடியில் தசைநாண்கள் துடிக்கும், பாதம் ஒருமுறை கட்டைவிரல் பக்கம் சாயும், அடுத்த நொடி சுண்டுவிரல் பக்கம் சாயும். ஆள் சும்மா நிற்பதுபோலத் தெரியும். கணுக்காலுக்கு ஓய்வே இருக்காது.

பவானியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி ஹால். விடுமுறை நாட்களில் காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஜமுக்காளத்துக்குப் பேர்போன ஊர் அல்லவா, யோகா வகுப்புக்கும் விரிப்பு அதுதான்.

"மாஸ்டர், மரம்னு பேரு வெச்சுட்டு இந்த ஆட்டம் ஆடுதுங்களே!" என்றாள் ஒரு சிறுமி.

"காத்தடிச்சா மரமும் ஆடுந்தான் கண்ணு. சுவத்துல அந்த ஆணியவே பாரு."

ஆணியைப் பார்த்தாள். ஆட்டம் பாதியாகக் குறைந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை.

ஒற்றைக் காலில் நிற்கும்போது உங்கள் உடலின் எடை மையம் அந்த ஒரு பாதத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பாதத்தின் அகலமோ அரைச் சாண்கூட வராது. எடை மையம் அதைத் தாண்டினால் விழ வேண்டியதுதான். அதனால் உடல் கொஞ்சம் சாய்வதும், மூளை அதைக் கண்டுபிடித்துத் தசையை இழுத்து நிமிர்த்துவதும் ஓயாமல் நடக்கிறது. 'அசையாமல் நில்' என்று சொன்னால் யாராலும் முடியாது. மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒருவர் ஒற்றைக் காலில் தவம் செய்கிறாரே, அவரால் மட்டும்தான் முடியும். அவர் கல்!

சாய்கிறோம் என்பது மூளைக்கு எப்படித் தெரியும்? மூன்று இடங்களிலிருந்து சேதி போகிறது.

முதலாவது கண். எதிரே இருக்கும் பொருள் இடப்பக்கம் நகர்வதுபோலத் தெரிந்தால், நாம் வலப்பக்கம் சாய்கிறோம் என்று மூளை கணக்குப் போடுகிறது. பொருள் பக்கத்தில் இருந்தால் அந்த நகர்வு பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருந்தால் தெரியவே தெரியாது. அதனால்தான் ஜன்னல் வழியே தூரத்து மலையைப் பார்ப்பதைவிட எதிர்ச் சுவரின் ஆணியைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது காது. ஆமாம், காதேதான்! காதின் உட்புறத்தில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக இருக்கின்றன. தலை திரும்பினால் திரவம் நகர்ந்து, அங்குள்ள நுண்ணிய மயிரிழைச் செல்களை வளைக்கிறது. தட்டாமாலை சுற்றிவிட்டு நின்ற பிறகும் வீடு சுற்றுகிறதே, அதற்குக் காரணம் நாம் நின்ற பிறகும் இந்தத் திரவம் நிற்காததுதான். குழாய்களுக்குப் பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிய இரண்டு சிறு பைகளும் உண்டு. முட்டை ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான். தலை சாய்ந்தால் துகள்கள் சரியும். கொத்தனாரின் ரசமட்டம் செய்யும் வேலையை இவை செய்கின்றன.

மூன்றாவது, நீங்கள் நினைத்தே பார்க்காத இடம்: உள்ளங்கால் தோலும், தசைகளுக்குள் புதைந்திருக்கும் உணர்விகளும். எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, பாதத்தின் எந்த ஓரம் அதிகம் அழுந்துகிறது என்று இவை சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவதும் இப்படிப்பட்ட உணர்விகளால்தான்.

இப்போது கண்ணை மூடி விருட்சாசனம் செய்து பாருங்கள். சுவர் பக்கமாக நின்று செய்யுங்கள், தூக்கிய பாதத்தை மற்றக் காலின் முழங்கால் மூட்டின்மேல் வைக்காமல் அதற்கு மேலேயோ கீழேயோ வையுங்கள். ஒரு சேதி நின்றுபோனதும் எவ்வளவு தடுமாறுகிறோம்! 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் இதையே ஒரு சோதனையாக்கினார். இரண்டு பாதங்களையும் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். மற்றவர்களைவிட ஒருவர் மிக அதிகமாகத் தள்ளாடினால், காலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் நரம்பு வழியில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தம். நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்னொன்று. கண்ணை மூடி நிற்கும்போதே ஒரு விரல் நுனியால் சுவரை லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, பட்டும் படாமலும் இருக்கட்டும். அந்த விரலால் உங்கள் எடையைத் தாங்க முடியாது. ஆனாலும் ஆட்டம் குறையும். விரல் கொடுப்பது முட்டு இல்லை, நான்காவதாக ஒரு சேதி. அடுத்து தலையணைமேல் ஏறி நில்லுங்கள். உள்ளங்காலுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாமல் குழம்புவதை உணர்வீர்கள்.

தினமும் பழகினால் ஆட்டம் குறைகிறதே, கால் பலமாகிவிட்டதா? கொஞ்சம் உண்டு. ஆனால் அதிகம் தேறுவது மூளைதான். சாய்வைச் சீக்கிரமாகக் கண்டுபிடித்து, சின்ன இழுப்பிலேயே சரிசெய்யக் கற்றுக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஒற்றைக் காலில் நிற்கும் போட்டிக்குத் தாத்தா பாட்டியை இழுக்காதீர்கள். வயதாக ஆக மூன்று சேதிகளும் மங்கும், தசையும் மெதுவாகத்தான் இழுக்கும். அவர்களுக்கு ஆசையாக இருந்தால் கனமான நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டே நிற்கச் சொல்லுங்கள்.